மாப்பிள்ளை தாடி விஷயமாக

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நானும் வீட்டுக்காரியும் மகளும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், உங்களிடம் வந்திருக்கும் எங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கடைசியில் சொன்னவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமா என்று யோசித்தேன். போனை எடுத்தால் நீங்கள் 'ம்' என்பீர்கள், நானும் 'ம்' என்பேன், இரண்டு பேரும் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுவோம். சம்பந்திகள் போனில் இதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பத்துப் பேர் நடுவில் மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்து 'தாடியை எடுடா' என்று சொல்லிவிட்டார் என்று உங்கள் காதுக்கு வந்திருக்கிறதாம். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் 'டா' போடவில்லை. 'தாடியை எடுத்துட்டு வாங்க மாப்ள' என்று மரியாதையோடுதான் சொன்னேன். பத்துப் பேரும் இல்லை, ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள், அதிலும் ஒருவர் டீ கொண்டுவந்தவர், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் சொன்னது சொன்னதுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஏன் சொன்னேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறையில் நான் ஸ்டோர் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் அங்கே பெயிண்டர். கல்யாணத்துக்கு முன்னால் அவரை 'பெயிண்டர் தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் ஒரு கார்க் கதவுக்கு உப்புத்தாள் போடுவதை நின்று பார்த்தேன். ஒரு கதவை இவ்வளவு பொறுமையாகக் கவனிக்கிறவன் என் மகளையும் கவனிப்பான் என்று தோன்றியது, பெண்ணைக் கொடுத்தேன், அந்தக் கணக்கு தப்பவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. நான் 'மாப்ள' என்று கூப்பிட்டேனா, அதைக் கேட்டு, தகடு தட்டும் டிங்கரும் மாப்ள என்றார், முதலாளியும் மாப்ள என்றார், இப்போது கார் எடுக்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று 'மாப்பிள்ளை இருக்காரா?' என்று கேட்கிறார்கள். பட்டறைக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டவரிடம் வேலை சொல்வது லேசுப்பட்ட காரியமா? 'தின்னர் டப்பாவை மூடி வையுங்கள்' என்று சொல்லவே நான் 'சிரமத்துக்கு மன்னிக்கணும்' என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நேரம் பார்த்து முதலாளி என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கினார். ஏன் என்னை என்று கேட்டதற்கு, 'கையுறை, கண்ணாடி எல்லாம் உங்க ஸ்டோர்லதானே இருக்கு' என்றார். அதுவரை எங்கள் ஸ்டோரில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடியும், ஆணியில் தொங்கிய ஒரு துணி முகமூடியும்தான். அதைத் தேவைப்பட்டவர்கள் எல்லாரும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வார்கள், ஒருவருக்குச் சளி பிடித்தால் பட்டறைக்கே சளி பிடிக்கும். சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்தார். தணிந்த குரலில் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை இடத்தை விட்டு நகர மாட்டார். 'ஆபத்தை முதல்ல இடத்தை விட்டு விரட்டப் பாருங்க. காத்தாடி போடுங்க, கதவை அடைச்சு தனி ரூம்ல பெயிண்ட் அடிங்க. அப்படியும் மிச்சம் இருக்கிறதுக்குத்தான் உடம்புல மாட்டுறது எல்லாம்' என்றார். முதலாளி அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, 'உடம்புல மாட்டுறதை எல்லாம் வாங்கிப் போட்டுடுங்க' என்றார்.

வாங்கினேன் சம்பந்தி, எனக்குத் தெரிந்த மாதிரி வாங்கினேன். கையுறை என்றால் கையுறைதானே என்று மெல்லிய ரப்பர் உறையாக ஒரு பெட்டி எடுத்தேன். டிங்கர் அதை மாட்டிக்கொண்டு, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் கையை விட்டுத் துடைத்தவர், சற்று நேரத்தில் என்னிடம் ஓடி வந்து, 'அண்ணே, கை வீங்கிடுச்சு' என்று அலறினார். பார்த்தால் வீங்கியது கை இல்லை, உறை. தின்னரைக் குடித்துக் கொழகொழவென்று தொங்குகிறது. எந்தத் திரவத்துக்கு எந்த உறை தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டுமாம், அது பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதாம், நான் முன்பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து வாங்கியிருந்தேன். அடுத்து, கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் மறுபேச்சில்லாமல் வாங்கி நெற்றியில் மாட்டிக்கொண்டார்கள். நெற்றியில் எதற்கு என்றால், கண்ணில் மாட்டினால் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லையாம். ஒருவர் மட்டும் நான் சொன்னேன் என்பதற்காகக் கண்ணிலேயே மாட்டிக்கொண்டு போய், சரிசெய்து முடித்த காரின் கதவில் மறுபடியும் சுத்தியலால் ஒரு போடு போட்டுவிட்டார். ஆவி படியாத கண்ணாடி என்று தனியாக இருக்கிறது, அதை நான் பிறகு கற்றுக்கொண்டேன். நான் கற்றுக்கொண்டது எல்லாமே பிறகுதான்.

பெயிண்ட் அறைக்கு முதலில் வெள்ளை நிறத்தில், கோப்பை மாதிரி ஒரு முகமூடி வாங்கினேன். பயிற்சியாளர் அம்மா அதைக் கையில் எடுத்து, 'இது பட்டி தேய்க்கிற தூசிக்கு. பெயிண்ட் ஆவிக்கு இதை மாட்டுறதும் மாட்டாததும் ஒண்ணு' என்றார். சரி என்று ரப்பரில் செய்து, இரண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர் வைத்த முகக்கவசம் வரவழைத்தேன். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அதை வேலை முடிந்ததும் பெயிண்ட் அறைச் சுவரிலேயே மாட்டி வைத்தார்கள், அது ஆள் இல்லாத நேரத்திலும் அங்கிருந்த ஆவியை எல்லாம் குடித்துக்கொண்டு கிடந்தது. மூடி போட்ட டப்பாவில் வை என்று சொன்னால், வைப்பதற்கு முன்னால் டிங்கர் அதன் ஃபில்டரைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப் போட்டுவிட்டார். கேட்டால், 'சுத்தமா இருக்கட்டும்னுதான் அண்ணே' என்கிறார். அலசிய ஃபில்டர் குப்பைக்குத்தான் போகும். அவரை நான் திட்டவில்லை, கையுறை விஷயத்தில் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. கவசத்தை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார், ஆனாலும் பெயிண்ட் அறையை விட்டு வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுகிறார். 'என்ன மாப்ள?' என்றால் 'ஒண்ணும் இல்ல மாமா, தொண்டைக் கரகரப்பு' என்பார். எங்களோடேயே இருக்கிறவர் ஆயிற்றே, வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் இருமல். என் வீட்டுக்காரி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிவிட்டாள், நான் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்றேன். என் மகள்தான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அப்பா, லீவு நாள்ல அவருக்கு இருமலே இல்ல, கவனிச்சீங்களா?' என்றாள். நான் கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். பயிற்சியாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, 'பெயிண்ட்ல கலக்கிற ஹார்டனர் மூச்சுல போகக் கூடாதுங்க. நெஞ்சு ஒரு தடவை அதோட முறைச்சுக்கிச்சுன்னா, அப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். அதுக்கப்புறம் அவர் இந்தத் தொழில்லயே இருக்க முடியாது' என்றார். அன்றைக்கே மாப்பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போனோம். நெஞ்சு இன்னும் கெடவில்லை, ஆனால் இனிமேல் அந்த ஆவி உள்ளே போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை எல்லாம் மாப்பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் சொல்கிறேன்.

கவசம் போட்டும் ஆவி எப்படிப் போகிறது? தாடி வழியாகத்தான். கவசத்தின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் முடி இருந்தால் சந்து விழும், காற்று ஃபில்டர் வழியாக வராமல் அந்தச் சந்து வழியாக வந்துவிடும் என்று அந்த அம்மா விளக்கினார். உங்கள் மகனின் தாடி எப்பேர்ப்பட்ட தாடி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, தாடியை எடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பட்டையை முறுக்கி முறுக்கி இறுக்கினார், கன்னத்தில் தடம் விழுந்ததே தவிரச் சந்து அடையவில்லை. தாடியைத் துணியால் சுற்றி, அதன்மேல் கவசத்தை மாட்டினார், சந்து இன்னும் பெரிதானது. கடைசியில் தாடி முழுக்க வாசலினைப் பூசிக்கொண்டு மாட்டினார். பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது கவசம் வழுக்கி மேலே ஏறிக் கண்ணை மறைத்துவிட்டது. அவர் கண் தெரியாமல் அடித்த அந்தப் பச்சைப் பெயிண்ட் பக்கத்தில் நின்ற முதலாளியின் வெள்ளைக் கார் மேல் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை என்பதால் முதலாளி அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து மட்டும் பல்லைக் கடித்தார்.

அப்புறம்தான் அந்தப் பரீட்சை நடந்தது. அது எப்படி என்றால், கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், தலைக்கு மேல் கண்ணாடிபோல உள்ளே தெரிகிற ஒரு பையைக் கவிழ்ப்பார்கள், அதற்குள் கசப்பு மருந்தைப் புகைபோலத் தெளிப்பார்கள். கவசம் சரியாக உட்கார்ந்திருந்தால் வாயில் கசப்பே தெரியாது. தெரிந்தால் எங்கேயோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். பட்டறையில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டிங்கர் தேறினார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். அந்த அம்மா தெளித்தார். மாப்பிள்ளையின் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

'கசக்குதுங்களா?' என்று அந்த அம்மா கேட்டார்.

'இல்லீங்க' என்றார் மாப்பிள்ளை.

'கொஞ்சம்கூட?'

'ஒண்ணுமே தெரியலீங்க. தண்ணி கிடைக்குமா?'

அந்த அம்மா மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நீங்கதானே பொறுப்பு. அவர் கசக்கலேங்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?' என்றார்.

சம்பந்தி, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். மாமனார் என்கிற முறையில் மாப்பிள்ளை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பகலை இரவு என்றால்கூட விளக்கைப் போடுகிற இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். அது அப்பட்டமான கசப்பு முகம். சரி என்று நான் தலையை ஆட்டினால் அவர் அன்றைக்குச் சாயங்காலமே அந்த அறைக்குள் போவார், சந்து வழியாக அது உள்ளே போகும், நான் வெளியே ஸ்டோரில் உட்கார்ந்து மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தேன். 'கசக்குதுன்னு உங்க முகமே சொல்லுது மாப்ள. தாடியை எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்பிரே கன் ஸ்டோர்லதான் இருக்கும்' என்றேன். யாரோ சிரித்தார்கள். அந்த ஆள் சிரித்திருக்க வேண்டாம், அதைத்தான் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. கவசத்தைக் கழற்றி, அந்தக் கோபத்திலும் மறக்காமல் டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போனவர் உங்கள் ஊர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

இங்கே என் நிலைமை என்ன என்று கேளுங்கள். வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எனக்குச் சேதி சொல்கிறாள். நேற்று அவள் வைத்த சத்தத்தில் தட்டு நெளிந்துவிட்டது, டிங்கரிடம் கொடுத்து நிமிர்த்தி வாங்கி வந்தேன். 'வீட்டு மாப்பிள்ளைகிட்ட என்ன அதிகாரம் வேண்டிக் கிடக்கு? ஒரு பெரிய தாடியாப் பாத்து அதுக்குத் தகுந்த மாஸ்க் வாங்கத் தெரியல' என்று சுவரிடம் சொல்கிறாள். மகள் என் பக்கம்தான், ஆனால் அழுகிறாள். தாடிக்குக் கீழே தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதே, பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று மாப்பிள்ளை ஒரு தரம் அவளிடம் கேட்டிருக்கிறாராம். பெண் பார்க்க வந்தபோதும் தாடி, கல்யாணப் படத்திலும் தாடி. 'முகம் எப்படி இருந்தா என்னப்பா, அவர் மூச்சு விட்டுக்கிட்டு என் பக்கத்துல இருந்தாப் போதும்' என்கிறாள். இதை அவரிடம் போனில் சொல் என்றேன். அவர் போனை எடுப்பதில்லை.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் பெற்றவர், நீங்கள் சொன்னால் தப்பாகாது. மாப்பிள்ளையை உட்கார வைத்து, மயிர் திரும்ப முளைக்கும், நெஞ்சு முளைக்காது என்று எடுத்துச் சொல்லுங்கள். மாமனார் சொன்னதை மன்னிக்க வேண்டாம், கோபம் இருக்கட்டும், தாடியை மட்டும் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்த பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருக்கட்டும். இருமாமல் இருந்தால் போதும். வேலை என்று வந்துவிட்டால் முகத்து முடிக்கு மாமன் மச்சான் உறவெல்லாம் கிடையாது, அதை யாராக இருந்தாலும் சிரித்த முகத்தோடு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

சம்பந்தியம்மாவின் மூட்டுவலி குறைந்து, நம் பேரன் பேத்திகளை நாம் இருவரும் சேர்ந்து தூக்கிக் கொஞ்சுகிற காலம் சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். தெரியாமல் ஏதாவது கூடக் குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்துத் தபாலில் போடக் கிளம்பியபோது வாசலில் யாரோ ஒரு புது ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். 'மாமா, நான்தான்' என்றார். போய்ச் சேர்ந்த மறுநாளே நீங்கள் பக்கத்தில் நின்று எடுக்க வைத்துவிட்டீர்களாம், மாமனார் செய்ததுதான் சரி என்றும் சொன்னீர்களாம். இது தெரிந்திருந்தால் மேலே இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன், எழுதிய கை இன்னும் வலிக்கிறது. என் மகள் சமையலறையிலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு கிட்டே போனாள். பிறகு, 'கன்னத்துல குழி விழும்னு சொல்லவே இல்லியே' என்று அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் வீட்டுக்காரியும் பின்பக்கம் போய்விட்டோம். பட்டறையில் மறுபடி கசப்பு மருந்து தெளித்தார்கள், மாப்பிள்ளை தேறினார், இந்த முறை முகமும் தேறியது. எல்லாரும் கை தட்டினோம்.

அதோடு அந்த அம்மா போயிருக்கலாம். பெயிண்டும் ஹார்டனரும் அளந்து கலந்து கொடுப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் நீங்களும் உட்காருங்கள் என்றுவிட்டார். என் மீசையைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியம் இருப்பதாக நினைக்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு முனையும் கவசத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. எனக்குக் கசக்கவே இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன், என் மாப்பிள்ளையே நம்பவில்லை, 'மீசையை எடுத்துட்டு வாங்க மாமா' என்கிறார். என் வீட்டுக்காரிக்கு இதைக் கேட்டதிலிருந்து சிரிப்பு அடங்கவில்லை, மீசை இல்லாத என் மூஞ்சியை அவளும் பார்த்ததில்லை. மேலே என் கருத்து என்று எழுதிய வரிகளைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். மாப்பிள்ளை படுத்திருந்த படுக்கையைச் சம்பந்தியம்மா இன்னும் மடித்து வைக்கவில்லை என்றால், அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், நான் சாயங்கால பஸ்ஸில் வருகிறேன்.